விரல் நீட்டினால் வெளியே

2012 பிப்ரவரியில், அமெரிக்காவின் ராலே நகரத்தில், நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் தோற்றுக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் நடுவர் கார்ல் ஹெஸ், ஸ்கோர் எழுதும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை நோக்கி விரலை நீட்டினார். அவர்களை வெளியே அனுப்பச் சொன்னார். பாதுகாப்பு ஊழியர்கள் வந்தார்கள். இருவரும் எழுந்து போனார்கள்.

அந்த இருவர் கிரிஸ் கோர்ச்சியானியும் டாம் குக்லியாட்டாவும். இருவரும் அதே பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் ஆயிரம் அசிஸ்டுகளை (சக ஆட்டக்காரர் கூடை போடப் பந்து தந்து உதவுவது) தொட்ட முதல் ஆட்டக்காரர் கோர்ச்சியானி. குக்லியாட்டா தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் பல ஆண்டுகள் ஆடியவர், 1997இல் ஆல்ஸ்டார் ஆட்டம் வரை போனவர். அவர்களைக் கௌரவிக்க, அவர்களுடைய எண் பொறித்த சட்டைகள் அன்றும் அதே அரங்கத்தின் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. சட்டைகள் உள்ளே இருந்தன, சட்டைக்காரர்கள் வெளியே இருந்தார்கள்.

தாங்கள் நடுவரைக் குறை சொல்லிக் கத்தியது உண்மை, ஆனால் கெட்ட வார்த்தை பேசவில்லை என்று கோர்ச்சியானி பிறகு சொன்னார். இரண்டு நாளில், இந்தக் கல்லூரி அணிகளின் போட்டிகளை நடத்தும் அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பு நடுவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. கண்டனத்தின் சாரம் கவனிக்க வேண்டியது. ரசிகர்களை அகற்றக் கோரும் அதிகாரம் நடுவருக்கு உண்டு என்பதைக் கூட்டமைப்பு மறுக்கவில்லை. அவர் நேராகப் பாதுகாப்பு ஊழியர்களுக்கு உத்தரவிட்டிருக்கக் கூடாது. போட்டியை நடத்தும் உள்ளூர் நிர்வாகத்திடம் சொல்லி, அவர்கள் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்க இடம் கொடுத்திருக்க வேண்டும் என்றது. அதாவது, விரல் நீட்டுகிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

இது மிக நல்ல விதி. சங்கடம் என்னவென்றால், வெளியே போனவர்கள் யார் என்று நாட்டுக்கே தெரிந்திருந்ததால்தான் அது நினைவுக்கு வந்தது. அந்த இருக்கையில் ஒரு காப்பீட்டு முகவரோ கணினிப் பொறியாளரோ உட்கார்ந்திருந்தால் எந்தக் கூட்டமைப்பும் திங்கட்கிழமை அறிக்கை விட்டிருக்காது.

நான் இந்தப் பக்கத்துக்காரன். ராலே, டர்ஹம், சாப்பல்ஹில் மூன்றும் அடுத்தடுத்த ஊர்கள். ஒவ்வொன்றிலும் கூடைப்பந்தை மதம்போல் கருதும் ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு வந்த புதிதில் இந்த ஆட்டம் புரிவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வீட்டுக்குள் கட்சி பிரிந்துவிடும். டியூக் நீலமா, கரோலினா வெளிர் நீலமா, ஸ்டேட் சிவப்பா என்று கேட்டு, அதற்கேற்பப் பிறந்தநாள் சட்டை வாங்க வேண்டிய நிலை வரும். நானும் அப்படித்தான் அரங்கத்துக்குள் இழுத்துப் போகப்பட்டேன். பிறகு யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

கல்லூரி ஆட்டத்தின் சுவையே சத்தத்தில்தான் இருக்கிறது. தொழில்முறை ஆட்டத்தில் ஆடுகளத்தை ஒட்டிய இருக்கைகள் பணக்காரர்களுக்கு. இங்கே பல அரங்கங்களில் அவை மாணவர்களுக்கு. எதிரணி ஆட்டக்காரன் பந்தை உள்ளே எறிய எல்லைக்கோட்டில் நின்றால், அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, முகத்தில் வண்ணம் பூசிய இருபது வயதுப் பிள்ளைகள் கைகளை நீட்டி விரல்களை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். பல்கலைக்கழகம் இதைத்தான் விற்கிறது. தொலைக்காட்சி காட்டுவதும், விளம்பரப் பலகையில் போடுவதும் இதைத்தான். அதே பல்கலைக்கழகம்தான் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு நடத்தை விதித் தொகுப்பையும் தருகிறது. ‘இடையூறு செய்யும்’, ‘அநாகரிகமான’, ‘பிறர் ரசிப்பதைக் கெடுக்கும்’ நடத்தைக்கு வெளியேற்றம், பணம் திருப்பித் தரப்படாது. எதிரணிக்கு இடையூறு செய்யத்தானே அந்தப் பிள்ளைகளை அங்கே நிற்க வைத்தார்கள்?

சட்டத்தைப் பார்த்தால் டிக்கெட் வாங்கியவரின் கையில் பெரிதாக ஒன்றுமில்லை. இந்த வழக்கு மரபு இங்கிலாந்தில் 1845இல் தொடங்குகிறது. டான்காஸ்டர் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு கினி (அந்தக் கால ஆங்கிலப் பணம்) கொடுத்து டிக்கெட் வாங்கிய வுட் என்பவரை, பந்தய நிர்வாகியின் உத்தரவின் பேரில் லெட்பிட்டர் என்பவர் பிடித்து வெளியே தள்ளினார். வுட் வழக்குப் போட்டுத் தோற்றார். டிக்கெட் என்பது உள்ளே இருக்கக் கிடைத்த அனுமதி மட்டுமே. அனுமதி கொடுத்தவர் நினைத்தபோது திரும்பப் பெறலாம், கினியைத் திருப்பித் தராவிட்டாலும்கூட என்றது நீதிமன்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1913இல் வாஷிங்டன் ஜாக்கி கிளப் வழக்கில் ஏறக்குறைய அதே வழியில் போனது. டிக்கெட் இருந்தும் உள்ளே விடாவிட்டால் ஒப்பந்த மீறல் என்று இழப்பீடு கேட்கலாம், உள்ளே நுழையும் உரிமை அதனால் வந்துவிடாது என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். இன்று நம் செல்பேசியில் மின்னும் டிக்கெட்டின் அடியில் யாரும் படிக்காத சின்ன எழுத்தில் ‘திரும்பப் பெறத்தக்க அனுமதி’ என்று வரும் வரி, குதிரைச் சாணம் மணக்கும் அந்தத் தீர்ப்புகளின் வாரிசு.

ஆனால் அமெரிக்காவில் இன்னொரு கோடு உண்டு. அரங்கம் அரசுடையதாக இருந்தால், அரசியல் சட்டத்தின் பேச்சுரிமைத் திருத்தம் வாசலில் நின்றுவிடாது, கூடவே உள்ளே வரும். 1990இல் சின்சினாட்டியில் உலகத் தொடர் பேஸ்பால் ஆட்டத்துக்கு பைபிள் வசன எண்ணை எழுதிய பதாகையோடு வந்தவரிடமிருந்து அதைப் பறித்தார்கள். நல்ல ரசனைக்கு உட்பட்ட பதாகைகள் மட்டுமே அனுமதி என்பது அங்கே விதி. எது நல்ல ரசனை என்பதை அந்தந்த நேரத்தில் அங்கே நிற்கும் ஊழியர்தான் முடிவு செய்வார் என்றால் அது விதியே இல்லை என்று 1993இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நியூயார்க்கின் யாங்கி அரங்கத்தில் 2008இல் நடந்தது இதைவிட வேடிக்கை. தேசபக்திப் பாடல் ஒலிக்கும்போது ஒருவர் எழுந்து கழிப்பறைக்குப் போக முயன்றார். போலீசார் அவரை அரங்கத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு நகர நிர்வாகம் அவருக்கு 10,001 டாலரும், வழக்குச் செலவுக்கு 12,000 டாலரும் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்த ஒரு டாலரை யார் கேட்டு வாங்கினார்கள் என்று எனக்கு ஓர் ஆவல் உண்டு.

கல்லூரிகளில் இந்தக் கோடு அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் தனியார் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ஓடுகிறது. 2004 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழக அரங்கத்தில் டியூக் வீரர் ஜே.ஜே. ரெடிக்கைப் பார்த்து மாணவர்கள் கூட்டமாகக் கத்தியதை இங்கே எழுத முடியாது. தேசியத் தொலைக்காட்சியில் தெளிவாகக் கேட்டது. மேரிலாந்து அரசுப் பல்கலைக்கழகம். வாயை மூடுங்கள் என்று விதி போடலாமா என்று மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகத்திடம் கேட்க வேண்டி வந்தது. கவனமாக எழுதினால் விதி செல்லும் என்று பதில் வந்தது. ஆனாலும் மாணவர்களைப் பேசிப் பணிய வைப்பதிலேயே பல்கலைக்கழகம் பெரும்பாலும் நின்றது.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1984 ஜனவரியில், இதே இரண்டு கல்லூரிகள் இடம் மாறி நின்றன. டர்ஹமில் டியூக்கின் கேமரன் அரங்கம். பாலியல் நடத்தை தொடர்பான புகாருக்கு உள்ளாகியிருந்த ஒரு மேரிலாந்து வீரரைக் கேலி செய்வதற்காக டியூக் மாணவர்கள் பெண்களின் உள்ளாடைகளை ஆடுகளத்தில் எறிந்தார்கள். பத்திரிகைகள் காறித் துப்பின. டியூக் தனியார் பல்கலைக்கழகம். பத்து வரிசை மாணவர்களை அப்படியே அள்ளி வெளியே போட்டிருந்தாலும் எந்த நீதிமன்றமும் கேட்டிருக்காது. அப்போது அதன் தலைவர் டெர்ரி சான்ஃபோர்டு, நார்த் கரோலினாவின் முன்னாள் ஆளுநர். அவர் செய்ததெல்லாம், எல்லா மாணவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதியது. கேலி செய்யுங்கள், ஆனால் புத்திசாலித்தனமாகச் செய்யுங்கள், அசிங்கம் வேண்டாம் என்ற தொனியில் எழுதி, கீழே ‘டெர்ரி மாமா’ என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்து நார்த் கரோலினா அணி வந்தபோது மாணவர்கள் தலைக்கு மேல் தேவதை வளையம் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். எதிரணிக்குப் பணிவான வரவேற்புப் பலகை. நடுவர் பிடிக்காத முடிவு சொன்னபோது, வழக்கமாக வரும் வசைக்குப் பதிலாக அரங்கமே ஒரே குரலில், ‘நாங்கள் பணிவுடன் மாறுபடுகிறோம்’ என்ற பொருளில் முழங்கியது. டியூக்கை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது (என் வீட்டில் அதற்குத் தனிச் சண்டை உண்டு), ஆனால் ரசிகர் ஒழுங்கு பற்றிப் பேசும் எந்த நிர்வாகியும் அந்தக் கடிதத்தை ஒரு முறையாவது படித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சான்ஃபோர்டு தண்டிக்க ஆள் தேடவில்லை. கத்தியவர்கள் எல்லாரும் தன் பிள்ளைகள் என்று எடுத்துக்கொண்டார். இன்றைய விளையாட்டுத் துறை இயக்குநருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. கைப்பேசிக் காணொளி ஆட்டம் முடிவதற்குள் நாடு முழுக்கப் போய்விடுகிறது. ஏதாவது செய்தோம் என்று அன்றிரவே காட்டியாக வேண்டும். அப்போது கையில் கிடைப்பவர்மேல் நடவடிக்கை பாய்கிறது.

2022 ஆகஸ்ட் 26இல் யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் நடந்ததை இதற்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் பெண்கள் கைப்பந்து, எதிரணி டியூக். அரங்கத்தில் ஐயாயிரத்துக்கு மேல் கூட்டம். மாணவர் பகுதியிலிருந்து தன்மீது இனவெறி வசை வீசப்பட்டதாக டியூக்கின் கறுப்பின வீராங்கனை ஒருவர் சொன்னார். ஆட்டத்தின்போதே புகார் போனது. ஒரு போலீஸ்காரரை மாணவர் பகுதிக்கு அருகில் நிறுத்தினார்கள். மறுநாள் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. டியூக் தரப்பு அடையாளம் காட்டிய ஒரு ரசிகருக்குத் தன் விளையாட்டு அரங்கங்கள் அனைத்திலும் தடை விதித்தது. அவர் அங்கே படிக்கும் மாணவர் அல்ல, மாணவர் பகுதியில் உட்கார்ந்திருந்தவர் என்றும் அறிவித்தது. செய்தி நாடெங்கும் பரவியது. சவுத் கரோலினாவின் புகழ்பெற்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர் டான் ஸ்டேலி, பிரிகம் யங்குடன் ஆடவிருந்த ஆட்டங்களை ரத்து செய்தார்.

பிறகுதான் விசாரணை. காணொளிப் பதிவுகளையும் ஒலிப் பதிவுகளையும் பார்த்தார்கள், ஆட்டத்தில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்புகொண்டார்கள். செப்டம்பர் 9இல் அறிக்கை வந்தது: இனவெறி வசை வீசப்பட்டது என்பதை உறுதி செய்யும் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை, அந்த ரசிகர்மீதான தடை நீக்கப்படுகிறது, தடையால் அவருக்கு ஏற்பட்ட துன்பத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் பலர் உடனே கட்சி கட்டுவார்கள். வீராங்கனை பொய் சொன்னார் என்று ஒரு கட்சி, பல்கலைக்கழகம் மூடி மறைத்தது என்று இன்னொரு கட்சி. ஆதாரம் கிடைக்கவில்லை என்பதால் அவர் எதையும் கேட்கவில்லை என்று ஆகிவிடாது. ஆயிரக்கணக்கானோர் கத்தும் கூடத்தில் ஒரு சொல்லை ஒருவர் கேட்பதும் பதிவுக் கருவி தவறவிடுவதும் நடக்கக்கூடியதுதான். ஒன்றை வேறொன்றாகக் கேட்பதும் நடக்கக்கூடியதுதான். டியூக் தன் வீராங்கனையோடு நின்றது, ஸ்டேலி தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அதில் வழக்கு இல்லை. என் வழக்கு வேறு: ஒருவரைத் தடை செய்ய ஒரு நாள் போதுமாக இருந்தது, அவர்தான் செய்தாரா என்று பார்க்க இரண்டு வாரம் ஆனது. இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். அல்லது, அவசரத்துக்கு ஒரு தற்காலிகத் தடை போட்டு, ‘விசாரணை முடியும்வரை’ என்ற சொற்களையாவது சேர்த்திருக்கலாம். அதனால் வீராங்கனைக்கும் நன்மைதான். தவறான ஆளைப் பிடித்ததால் அவர் புகாரே பொய் என்று பேச எல்லாருக்கும் ஒரு வாசல் திறந்துவிட்டது.

கூட்டமாகத் தவறு செய்தால் கதை வேறு மாதிரிப் போகிறது. 2021 அக்டோபரில் டென்னசி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தில் ஒரு தீர்ப்பு பிடிக்காமல் ரசிகர்கள் குப்பையையும் பாட்டில்களையும் மழையாகப் பொழிந்தார்கள். கடுகுச் சாந்து பாட்டில் ஒன்றும் அதில் இருந்தது. எதிரணியான மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் (ஓல் மிஸ்) பயிற்சியாளர் லேன் கிஃபின்மீது கால்ஃப் பந்து வந்து விழுந்தது. ஆட்டம் சுமார் இருபது நிமிடம் நின்றது. சவுத்ஈஸ்டர்ன் கூட்டமைப்பு 2,50,000 டாலர் அபராதம் போட்டு, கேமரா பதிவுகளை வைத்து எறிந்தவர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னது. 2024 அக்டோபரில் ஆஸ்டினில் டெக்சாஸும் ஜார்ஜியாவும் மோதியபோதும் ஒரு தீர்ப்பு, பாட்டில் மழை, ஆட்டம் நிறுத்தம். களத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த இடைவெளியில் நடுவர்கள் கூடிப் பேசி, தீர்ப்பையே மாற்றினார்கள்! பாட்டில் எறிந்தால் தீர்ப்பு மாறும் என்று ஆகிவிட்டதே என்று ஜார்ஜியா பயிற்சியாளர் கொதித்தார். தீர்ப்பு மாறியது சரிதான் என்றே கூட்டமைப்பும் கருதியது. மாறிய விதம்தான் பிடிக்கவில்லை. டெக்சாஸுக்கும் அதே 2,50,000 டாலர் அபராதம்.

ஒருவனாகக் கத்தினால் வெளியேற்றம், பத்தாயிரம் பேராக எறிந்தால் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு காசோலை.

இதில் சிரிக்கவும் இடம் உண்டு. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஆட்டம் தொடங்கும் உதையின்போது மாணவர்கள் டோர்ட்டியாவை வட்டத் தட்டாகச் சுழற்றிக் களத்தில் எறிவது பழைய வழக்கம். டோர்ட்டியா நம் சப்பாத்திக்குத் தூரத்து உறவு, எறிவதற்கு அதைவிட வாகானது. வாசலில் சோதனை செய்வார்கள் என்பதால் சட்டைக்குள்ளும் கால்சட்டைக்குள்ளும் ஒளித்துக் கொண்டுவருவார்கள் (பிறகு யாரும் அதைச் சாப்பிடப் போவதில்லை என்பது ஆறுதல்). 2025இல் பிக் 12 கூட்டமைப்பின் விளையாட்டுத் துறை இயக்குநர்கள் 15க்கு 1 என்ற கணக்கில் வாக்களித்து, முதல் முறை எச்சரிக்கை, அடுத்தடுத்து அந்த அணிக்குக் களத்தில் 15 கெஜ இழப்புத் தண்டனை என்று விதி போட்டார்கள். எதிர்த்த அந்த ஒரு வாக்கு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அக்டோபரில் கான்சஸ் ஆட்டத்தில் டெக்சாஸ் டெக் இரண்டு முறை 15 கெஜம் இழந்து, 25,000 டாலர் அபராதமும் கட்டியது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பயிற்சியாளரே போதும் நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். இனி எறிபவர் வெளியேற்றப்படுவார், டிக்கெட் சலுகையும் போகும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

மிசிசிப்பி ஸ்டேட் ரசிகர்களின் மாட்டு மணி இதைவிடப் பழைய சண்டை. செயற்கையாக ஒலி எழுப்பும் கருவிகளை சவுத்ஈஸ்டர்ன் கூட்டமைப்பு 1974இல் தடை செய்தது. மணியை யாரும் வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை. கோட்டுக்குள்ளும் கைப்பைக்குள்ளும் வைத்துக் கடத்தினார்கள். முப்பத்தாறு ஆண்டுக் கடத்தலுக்குப் பிறகு 2010இல் கூட்டமைப்பு இறங்கி வந்து, இன்ன நேரத்தில் மட்டும் ஆட்டலாம் என்று ஒப்புக்கொண்டது. ஒரு ஊரே சேர்ந்து மீறினால் விதி திருத்தப்படும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, பாதி விதிகள் இப்படித்தான் செம்மைப்படுகின்றன. தனியாளுக்கு அந்த வசதி இல்லை என்பதுதான் என் புகார்.

தனியாள் எப்படி மாட்டுகிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. பொது டிக்கெட் பகுதியில், எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் கல்லூரி வயதுப் பையன்கள் சிலர். நடுவில் கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவன், மடியில் பாப்கார்ன் வாளி. அவனுக்கு இடப்பக்கம் இருந்தவன் எதிரணியின் பயிற்சியாளரை அவர் உடல் பருமனைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தான். கேட்கவே கூச்சமாக இருந்தது. இப்போது பல அரங்கங்களில் குறுஞ்செய்தியில் புகார் அனுப்ப ஓர் எண் கொடுக்கிறார்கள். பகுதி, வரிசை, இருக்கை எண்ணைத் தட்டினால் போதும். யாரோ அனுப்பியிருக்க வேண்டும். மஞ்சள் சட்டை போட்ட ஊழியர் படியேறி வந்தார். கையிலிருந்த செல்பேசியைப் பார்த்தார், இருக்கை முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தார், கண்ணாடிக்காரனைக் கைகாட்டினார். கத்தியவன் சட்டென்று ஆட்டத்தில் ஆழ்ந்துவிட்டான்.

“நான் ஒன்றும் சொல்லவில்லையே” என்றான் பையன். “சார், நீங்கள் என்னோடு வர வேண்டும்” என்றார் ஊழியர். “எதற்கு?” “சார், நீங்கள் என்னோடு வர வேண்டும்.” அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது அந்த ஒரு வாக்கியம்தான் போலிருக்கிறது. அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. இந்த வேலையைப் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்கள்தான் செய்கின்றன. மணிக்கூலிக்கு வரும் ஆட்கள். அவர் அந்தப் பகுதியில் அரை நிமிடம்கூட நின்று கேட்கவில்லை, கேட்கும்படி யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். என் மகள் என் கையைப் பிடித்து, “அப்பா, கத்தியது அந்த அண்ணன் இல்லை, பக்கத்தில் இருப்பவர்” என்றாள். நான் எழுந்து அந்த ஊழியரிடம் அதையே சொன்னேன். “சார், தயவுசெய்து உட்காருங்கள்” என்றார். குரலில் மிரட்டல் இல்லை, அடுத்து உங்கள் இருக்கை எண்ணையும் பார்க்க வேண்டி வரும் என்ற களைப்பு மட்டும் இருந்தது. பையன் பாப்கார்ன் வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அடுத்த தவறான தீர்ப்புக்கு இடப்பக்கத்துக்காரன் மறுபடியும் தொடங்கினான்.

மறுநாள் டிக்கெட் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். ரசிகர்களின் பாதுகாப்பே எங்கள் முதன்மை நோக்கம் என்று பதில் வந்தது. நான் கேட்டது அதை அல்ல.

இதன் மறுபக்கமும் நடக்கிறது. 2014 பிப்ரவரியில் லபக் நகரில் ஓக்லஹோமா ஸ்டேட் வீரர் மார்கஸ் ஸ்மார்ட், கூடைக்குப் பின்னால் நின்று தன்னைத் திட்டிய டெக்சாஸ் டெக் ரசிகர் ஒருவரைப் பிடித்துத் தள்ளினார். அவருக்கு மூன்று ஆட்டத் தடை. ரசிகர் இனவெறிச் சொல் எதையும் பயன்படுத்தவில்லை என்றும், ஆனால் பேசியது தகாத பேச்சு என்றும் டெக்சாஸ் டெக் முடிவு செய்தது. அந்த சீசனின் மீதி ஆட்டங்களுக்கு வருவதில்லை என்று அந்த ரசிகரே ஒப்புக்கொண்டார். நெடுங்காலமாக டிக்கெட் வாங்கிவரும் ரசிகர் என்றால் தடைகூட ஒரு பேச்சுவார்த்தையாக நடக்கிறது. பாப்கார்ன் வாளிப் பையனிடம் யாரும் எதையும் ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கவில்லை.

சாராயம் பற்றியும் ஒரு வார்த்தை. அரங்கம் முழுக்க மது விற்பதற்கு சவுத்ஈஸ்டர்ன் கூட்டமைப்பில் இருந்த தடை 2019இல் நீங்கியது. அதுவரை பணக்காரர்களின் தனி அறைகளில் மட்டும் ஓடியது, பிறகு எல்லாருக்கும். பியர் விற்பனையில் வரும் பணமும் வேண்டும், பியர் குடித்தவர் நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர்போல இருக்கவும் வேண்டும். விஸ்கான்சின், மின்னசோட்டா பல்கலைக்கழகங்கள் இதில் கொஞ்சம் நேர்மையாக நடந்தன என்பேன். குடித்துவிட்டு வெளியேற்றப்பட்ட மாணவர், அடுத்த ஆட்டத்துக்கு வாசலில் ஊதிக் காட்டி, குடிக்கவில்லை என்று நிரூபித்தால் உள்ளே வரலாம் என்று வைத்தார்கள். குற்றம் என்ன, திரும்பி வர வழி என்ன என்று இரண்டும் தெளிவாக இருக்கின்றன. மற்ற விதிகளில் இந்த இரண்டும்தான் காணவில்லை.

வெளியேற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை ஆடுகளத்தில் நிற்கும்போது அவன் நிறத்தையோ மதத்தையோ சொல்லித் திட்டுபவனை அந்த நொடியே தூக்க வேண்டும். 2025 செப்டம்பரில் கொலராடோ மாணவர்கள் மார்மன் மதத்தை இழித்துக் கூட்டமாகக் கத்தியதற்கு, பிக் 12 கூட்டமைப்பு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 50,000 டாலர் அபராதம் போட்டதும் சரியே. நான் கேட்பது ஒரு துண்டுச் சீட்டு. போக்குவரத்துப் போலீஸ் ஐந்து மைல் வேகம் கூடியதற்குத் தருகிறாரே, அதில் நேரம், இடம், என்ன தவறு, எங்கே முறையிடுவது என்று எல்லாம் இருக்கிறதே, அதில் பாதி போதும். எந்த விதியை மீறினார், யார் பார்த்தது, புகார் குறுஞ்செய்தியா நேரில் பார்த்ததா, யாரிடம் எத்தனை நாளுக்குள் எழுதலாம். இதை எழுத வேண்டும் என்று வைத்தாலே அந்த ஊழியர் படியேறி வந்து ஒரு நிமிடம் நின்று காது கொடுப்பார். எழுத ஒன்றும் இல்லையென்றால் திரும்பிப் போவார். 1845இன் தீர்ப்பை மாற்ற வேண்டியதில்லை, உச்ச நீதிமன்றத்துக்கும் போக வேண்டாம். பல்கலைக்கழகம் நினைத்தால் அடுத்த சனிக்கிழமை ஆட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.

அதுவரைக்கும், இந்த ஊரில் பிள்ளைகளோடு ஆட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில. வெளியே வரச் சொன்னால் வந்துவிடுங்கள். தவறே செய்யாவிட்டாலும் வாருங்கள். இருக்கையில் உட்கார்ந்து வாதாடினால் போலீஸ் வரும், வெளியேற மறுத்தது அத்துமீறல் குற்றமாகும், முதலில் இருந்த சின்ன விவகாரம் காணாமல் போய்விடும். நடைவழிக்கு வந்ததும் மேற்பார்வையாளரை வரச் சொல்லிக் கேளுங்கள். மஞ்சள் சட்டைக்காரருக்கு முடிவை மாற்றும் அதிகாரம் இருக்காது, அவருக்கு மேலே இருப்பவருக்கு இருக்கலாம். அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்து இருக்கைக்காரர் யாராவது சாட்சி சொல்லத் தயாராக இருந்தால் அவர் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாணவராக இருந்தால் அடையாள அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டார்களா என்று பார்க்க வேண்டும், விவகாரம் கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கை அலுவலகம் வரை போகலாம். டிக்கெட் அலுவலகத்துக்கு எழுதும்போது விளையாட்டுத் துறை இயக்குநருக்கும் ஒரு நகல் போடுங்கள்.

இன்னொன்று, நம்மவர்கள் அடிக்கடி கவனிக்காதது. சீசன் டிக்கெட் உங்கள் பெயரில் இருந்து, அலுவலக நண்பருக்கு ஒரு நாள் கொடுத்தால், அந்த இருக்கையில் அவர் செய்வதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு என்று பெரும்பாலான நடத்தை விதிகளில் எழுதியிருக்கிறது. அவர் வெளியேற்றப்பட்டால் அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அதனால் டிக்கெட்டை அனுப்பும் முன், நண்பர் எந்த அணிக்காரர் என்பதோடு எவ்வளவு சத்தம் போடுவார் என்பதையும் விசாரித்துவிடுங்கள்.